யாழ்ப்பாணத்தின் 1.2 சதவீதம்: அயல்நாட்டுத் தேர்தலைச் செய்தி சொல்லும் விதம்

2005 நவம்பர் 17-ல் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீத வாக்குகளும் ரணில் விக்ரமசிங்க 48.43 சதவீத வாக்குகளும் பெற்றார்கள். இருவருக்கும் இடைவெளி ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகள். அதே தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் 7 லட்சம் பெயர்கள் இருந்தன. வாக்களித்தவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், அதாவது 1.2 சதவீதம். இந்த எண்ணை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

மூன்று விதமாக அது செய்தியானது. தமிழர்கள் தாங்களாகவே தேர்தலைப் புறக்கணித்தார்கள் என்பது ஒன்று. விடுதலைப் புலிகள் தடுத்ததால் மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது விதத்தில் வடக்கு பற்றிக் கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் வரும். தேர்தல் பொதுவாக அமைதியாக நடந்தது என்பதே தலைப்பாக இருக்கும். இந்தத் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை என்று புலிகள் தரப்பு தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தது. வாக்களிப்பு நாளில் சாலைகளில் டயர்கள் எரிந்தன, சில இடங்களில் கைக்குண்டுகளும் வீசப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு தெற்கில் தேர்தல் பெரும்பாலும் ஒழுங்காக நடந்ததாகவும், வடக்கிலும் கிழக்கின் பகுதிகளிலும் மக்கள் சுதந்திரமாக வாக்களிக்க முடியவில்லை என்றும் கூறியது. வடக்கில் மறுவாக்குப்பதிவு வேண்டும் என்ற ரணில் தரப்பின் கோரிக்கையைத் தேர்தல் ஆணையாளர் ஏற்கவில்லை. ராஜபக்ச தரப்புக்கும் புலிகளுக்கும் இடையே பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டு பின்னாளில் கொழும்பு அரசியலில் பலமுறை எழுந்தது. ராஜபக்ச தரப்பு அதை மறுத்தது.

மூன்று விதமான செய்தியும் கவனிக்காத ஒன்று அந்த 7 லட்சம். போரில் இடம்பெயர்ந்தவர்கள், கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டவர்கள், இறந்தவர்கள் எனப் பலரின் பெயர்கள் பட்டியலில் அப்படியே கிடந்தன. பட்டியல் திருத்தப்பட்ட பிறகு, 2013 மாகாண சபைத் தேர்தலில், அந்தத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கிய யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டையும் கூட்டினாலும் வாக்காளர்கள் 5 லட்சம் வரவில்லை. ஆக, 1.2 என்ற சதவீதத்துக்கு அடிப்படையான மொத்த எண்ணிக்கையே சரியில்லை. அதைத் திருத்தினாலும் வாக்குப்பதிவு 2 சதவீதத்தைத் தாண்டாது, எனவே முடிவு மாறப்போவதில்லை. ஆனாலும் சர்ச்சைக்குரிய அயல்நாட்டுத் தேர்தலில் ஊடகச் சார்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு இது நல்ல அடையாளம். பொய்யான எண்ணைத் தேடுகிற வாசகருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. எந்த எண் தலைப்பில் வந்தது, எது விடுபட்டது, விளக்கம் யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பதில்தான் சார்பு இருக்கிறது.

உள்ளூர்த் தேர்தலில் ஒரு நாளிதழ் ஒருபக்கமாக எழுதினால் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். தன் வாக்குச்சாவடியில் நடந்ததை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பக்கத்துத் தெரு வேட்பாளரின் வரலாறும் அவருக்குத் தெரியும். அயல்நாட்டுத் தேர்தலில் அந்த உரைகல் இல்லை. தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திக்கு ஒரு பக்கம் கிடைப்பதே பெரிது, அதிலும் பாதி விளம்பரத்துக்குப் போய்விடும். மிஞ்சிய இடத்தை பி.டி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற செய்தி நிறுவனங்களின் சுருக்கம் நிரப்புகிறது. அந்த நிறுவனங்களின் நிருபர் தலைநகரில் இருப்பார். அமைச்சர், எதிர்க்கட்சிப் பேச்சாளர், தூதரக அதிகாரி, ஆங்கிலம் பேசும் ஆய்வாளர் என அவர் அணுகக்கூடிய ஆட்கள் ஒரு சிறு வட்டம். கொழும்பில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சிங்களம் தெரியாவிட்டால் அம்பாந்தோட்டை விவசாயி ஏன் ராஜபக்சவுக்கு வாக்களித்தார் என்பது தெரியாது. தமிழ் தெரியாவிட்டால் வவுனியாக்காரர் ஏன் வீட்டிலேயே இருந்தார் என்பதும் தெரியாது.

தலைநகருக்கு வெளியே என்ன நடந்தது என்று அறிய உள்ளூர்ப் பத்திரிகைதான் வழி. அந்த வழியை அடைப்பதில்தான் இலங்கையின் சர்ச்சைத் தேர்தல்கள் பல தொடங்கியிருக்கின்றன. 1981 ஜூன் 4-ல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, மே 31 இரவு, யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் போலீஸார் சுடப்பட்டார்கள். அதன் பிறகு மூண்ட வெறியாட்டத்தில் கடைத்தெரு எரிந்தது. கூட்டணியின் அலுவலகமும் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் எரிந்தன. சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும் சாம்பலானது. நூலகத்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. அதே நாள்களில் ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் அச்சகமும் தீக்கிரையானது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1959-ல் தொடங்கி யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த இதழ் அது. வாக்குப்பெட்டிகள் காணாமல் போனதையும், பயிற்சி பெற்ற தேர்தல் அதிகாரிகளுக்குப் பதில் கடைசி நேரத்தில் வேறு ஆட்கள் நியமிக்கப்பட்டதையும், கூட்டணித் தலைவர்கள் வாக்களிப்பு நாளன்று தடுத்து வைக்கப்பட்டதையும் சுடச்சுட எழுதியிருக்க வேண்டிய இதழ், தேர்தல் நாளில் வெளிவர முடியாத நிலையில் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தின் பத்து இடங்களையும் கூட்டணியே வென்றது. அதனால் தேர்தல் முறைகேடு என்ற செய்தி வெளியே அதிகம் எடுபடவில்லை. தோற்றவர் முறையிட்டால்தான் செய்தி. வென்றவரும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் செய்தி அறைகளில் எளிதில் எழுவதில்லை.

32 ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பர் 21 வடக்கு மாகாண சபைத் தேர்தலில் வேறொரு முறை கையாளப்பட்டது. பத்திரிகையை எரிப்பதற்குப் பதில் பத்திரிகை போலவே ஒன்று அச்சடிக்கப்பட்டது. வாக்களிப்பு நாள் காலையில் யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ நாளிதழின் பெயரும் தோற்றமும் கொண்ட போலிப் பதிப்பு ஒன்று பரவியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசுப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பது அதன் செய்தி. முந்தைய இரவுகளில் ஒன்றில்தான் அவருடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. உண்மையான உதயனின் அச்சகம் அதே ஆண்டு ஏப்ரலில் எரிக்கப்பட்டிருந்தது. போலியை மக்கள் நம்பவில்லை. அனந்தி 87,000-க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு வென்றார். 38 இடங்களில் கூட்டமைப்பு 30-ஐப் பிடித்தது. உதயன் பேரில் வந்ததை உண்மையா பொய்யா என்று பிரித்துச் சொல்ல ஊர்க்காரரால் முடிந்தது. சென்னையில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ அதைப் பார்த்த ஒருவரால் அது முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அரசு ஊடகத்தின் சார்பு இவ்வளவு மறைவானது அல்ல. 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் ரூபவாஹினி, ஐ.டி.என். ஆகிய இரு அரசுத் தொலைக்காட்சிகளை எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு இரண்டு நாள் கவனித்தது. செய்தி நேரத்தில் 98 சதவீதத்துக்கும் மேல் ராஜபக்சவுக்கும் அவருடைய ஆதரவாளர்களுக்குமே போயிருந்தது. அரசு ஊடகங்களுக்கு நெறிமுறை வகுக்கவும், கேட்காவிட்டால் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரியை நியமிக்கவும் தேர்தல் ஆணையாளருக்கு அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் அதிகாரம் தந்திருந்தது. அப்போதைய ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அப்படி ஒருவரை நியமித்துப் பார்த்தார். பலனில்லை என்று கண்டு பின்வாங்கிக்கொண்டார். வாக்களிப்பு நாளன்று இன்னொன்று நடந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. அதனால் அவர் வேட்பாளராக இருக்கவே தகுதியற்றவர் என்ற பொருளில் அரசு ஊடகங்கள் நாள் முழுக்க முழங்கின. வாக்களிக்க முடியாவிட்டாலும் போட்டியிடத் தடையில்லை என்று ஆணையாளர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. விளக்கம் வருவதற்குள் எத்தனை பேர் இனி என்ன வாக்குப் போடுவது என்று வீடு திரும்பினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

மறுநாள் முடிவை அறிவித்தபோது திசாநாயக்க ராஜபக்சவுக்கு 57.88, பொன்சேகாவுக்கு 40.15 சதவீதம் என்று வாசித்தார். அதே உரையில் அரசு நிறுவனங்கள் தன் அறிவுறுத்தல்களை மதிக்கவில்லை என்றார்; பதவியிலிருந்து தன்னை விடுவிக்குமாறும் கேட்டுக்கொண்டார். முடிவை அறிவிக்கும் அதிகாரியே தேர்தல் நடந்த விதத்தைக் குறைசொல்வது அரிது. அன்று செய்தி எழுதிய ஒவ்வொருவரும் இந்த இரண்டில் எதை முதல் வரியாக வைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். எண்ணை மட்டும் எழுதியவருக்கு அது தெளிவான வெற்றி. புலம்பலை மட்டும் எழுதியவருக்கு அது திருடப்பட்ட தேர்தல். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் நடந்தது முழுதாகும்: வாக்கு எண்ணிக்கை பெருமளவில் பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஆடுகளம் ஒருபக்கம் சாய்ந்தே இருந்தது. சாய்ந்த ஆடுகளத்தையும் கள்ள வாக்கையும் ஒன்றாகக் குழப்புவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு தரப்பும் அந்தக் குழப்பத்தைத் தங்களுக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொள்கின்றன.

தமிழ்நாட்டு ஊடகங்களுக்கு இலங்கைத் தேர்தல் வெறும் அயல்நாட்டுத் தேர்தல் அல்ல. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தையும் இருங்காட்டுக்கோட்டையையும் தாண்டினால் வரும் ஸ்ரீபெரும்புதூரில், 1991 மே 21 இரவு, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதுவரை ஈழத்தை உறவுக்காரர் வீட்டுச் செய்தியாக எழுதிவந்த தமிழ் இதழ்கள் ஒரே இரவில் பேனாவை மூடிக்கொண்டன என்றால் மிகையில்லை. புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக 2002-ல் வைகோ பொடா சட்டத்தில் சிறைப்பட்டது மற்றவர்களுக்கும் எச்சரிக்கையாக அமைந்தது. பிறகு 2009 ஜனவரியில் போரை நிறுத்தக் கோரிச் சென்னையில் தீக்குளித்த முத்துக்குமார் பத்திரிகை ஊழியர். அந்த ஆண்டில் மௌனம் போய் ஆவேசம் வந்தது. ஆக, ஒரே தீவைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர் சில ஆண்டுகள் எதுவும் படிக்கவில்லை, சில ஆண்டுகள் கண்ணீரோடு மட்டும் படித்தார். இரண்டுமே தேர்தலைப் புரிந்துகொள்ள உதவவில்லை.

2010 முடிவு அதற்குச் சான்று. போரை நடத்திய தளபதி பொன்சேகாவுக்கு யாழ்ப்பாணத்தில் பதிவான வாக்குகளில் 60 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் அவரே முன்னணி. மலையகத் தமிழர் பெருமளவில் வாழும் நுவரெலியாவிலும் அவரே வென்றார். இன உணர்வு என்ற ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தால் இது புதிர். ராஜபக்சவை அகற்ற வேண்டும் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்த முடிவு, முகாம்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களின் கோபம், தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினை என்று விரித்துப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் மலையகத் தமிழரும் கிழக்கின் முஸ்லிம்களும் ஓரத்தில்கூட வருவது குறைவு. சிங்கள வாக்காளர் வருவதே இல்லை. வந்தால் ஒரே மனம் கொண்ட பெருங்கூட்டமாக வருவார். மீனவர் பிரச்சினை, கச்சத்தீவு ஆகிய இரண்டும் தவறாமல் வரும். ராமேசுவரத்து வாசகருக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அம்பாறையில் யார் ஏன் வாக்களித்தார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

டெல்லியின் கண்ணாடி வேறு மாதிரி. அங்கே அண்டை நாட்டுத் தேர்தல் என்றால் முதல் கேள்வி, வெல்பவர் இந்தியாவின் பக்கமா சீனாவின் பக்கமா என்பதே. 2019-ல் கோத்தபய ராஜபக்ச வென்றபோதும், 2024 செப்டம்பரில் மக்கள் விடுதலை முன்னணிக்காரரான அநுர குமார திசாநாயக்க வென்றபோதும் அதே கேள்விதான் முன்னே நின்றது. வங்கதேசத்தில் 2024 ஜனவரி 7 தேர்தலை முக்கிய எதிர்க்கட்சியான பி.என்.பி. புறக்கணித்தது. பிற்பகல் 3 மணிக்கு 27 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு, 4 மணிக்கு வாக்களிப்பு முடிந்த பிறகு 40 சதவீதத்தைத் தொட்டது. அமெரிக்கா அதைச் சுதந்திரமான, நியாயமான தேர்தல் அல்ல என்றது. இந்தியா ஷேக் ஹசீனாவுக்கு வாழ்த்து அனுப்பியது. இந்தியத் தொலைக்காட்சிகளில் நிலைத்தன்மை, எல்லைப் பாதுகாப்பு என்ற சொற்களே அதிகம் ஒலித்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறி இந்தியாவுக்கே வந்தபோது, அந்த ஒரு மணி நேரத்து 13 சதவீதத்தைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தவர்கள் குறைவாக அதிர்ந்திருப்பார்கள்.

தன் நாட்டு அரசின் கண்ணாடியை நிருபர் அறியாமலே மாட்டிக்கொள்வது இந்தியாவுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. இதை முறையாக எடுத்துக் காட்டிய பழைய ஆய்வு, எட்வர்ட் ஹெர்மனும் நோம் சோம்ஸ்கியும் 1988-ல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் 1982-லும் 1984-லும் நடந்த தேர்தல்களையும், நிகராகுவாவில் 1984-ல் நடந்த தேர்தலையும் அமெரிக்க நாளிதழ்கள் எழுதிய விதத்தை அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் நாட்டு அரசு வாஷிங்டனின் நண்பன். அங்கே நீண்ட வரிசை, வெயிலில் காத்திருந்த வாக்காளர், கொரில்லாக்களின் மிரட்டலை மீறி வந்த கூட்டம் ஆகியவை செய்தியாயின. இடதுசாரிகள் போட்டியிட முடியாத நிலையும் முன்பே மூடப்பட்ட பத்திரிகைகளும் அடிக்குறிப்பாகக்கூட வரவில்லை. இரண்டாவது நாட்டு அரசு வாஷிங்டனின் எதிரி. அங்கே பத்திரிகைத் தணிக்கையும் ஒரு முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் போட்டியிலிருந்து விலகியதும் தலைப்பாயின, வரிசை மறைந்தது. கேட்கும் கேள்வியையே ஆளுக்கேற்ப மாற்றினால் பதிலை மாற்ற வேண்டிய அவசியமில்லை. அந்த நூலின் பிற வாதங்களில் மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் இந்த ஒப்பீடு எந்த ஊர் நாளிதழுக்கும் போட்டுப் பார்க்கக்கூடிய அளவுகோல்.

சார்பு எப்போதும் அரசின் கண்ணாடியால் மட்டும் வருவதில்லை. சென்னையை அடுத்த தண்டலம், ஒரகடம் வட்டாரத்தின் கொரியத் தொழிற்சாலைகளைப் பார்த்தால் கொரியா இங்கே தூரத்து நாடு அல்ல. 2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, நாடாளுமன்றத்தை ராணுவம் சூழ்ந்த காட்சி இங்கேயும் தொலைக்காட்சியில் ஓடியது. அதே இரவில் படையினரின் இன்னொரு பிரிவு தேர்தல் ஆணையத்துக்குள் நுழைந்தது. தேர்தல்களில் மோசடி நடந்தது என்ற சந்தேகத்தை யூன் பிறகு தன் உரையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்நாட்டில் யூடியூப் சேனல்கள் பல ஆண்டுகளாக அதையே ஓதிவந்தன. செய்தி நிறுவனங்களின் நீண்ட செய்தியில் பின்னால் வரும் இத்தகைய பகுதி நம் ஊர்ச் சுருக்கங்களில் எளிதில் வெட்டுப்படும். அதனால் கொரிய வாடிக்கையாளர் நிறுவனத்தோடு தினமும் வேலை பார்க்கும் பலருக்கு, அதிபர் ஏன் தேர்தல் ஆணையத்துக்குப் படை அனுப்பினார் என்பது தெரியாமலே போயிருக்கலாம். இது யார் பக்கமும் சேராத சார்பு. இடப் பற்றாக்குறையால் வரும் சார்பு.

கண்காணிப்புக் குழுக்களின் அறிக்கையைச் சான்றாகக் காட்டினால் நடுநிலை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. பொலிவியாவில் 2019 அக்டோபர் 20 தேர்தல் முடிந்த மறுநாளே, வாக்குப் போக்கில் விளக்க முடியாத மாற்றம் இருப்பதாக அமெரிக்க நாடுகள் அமைப்பு அறிவித்தது. உலகச் செய்தி அதை அப்படியே ஏற்றது. மூன்று வாரத்தில் இவோ மொராலெஸ் பதவி விலகினார். அந்தப் புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததாக வேறு ஆய்வாளர்கள் காட்டியதை நியூயார்க் டைம்ஸ் 2020 ஜூனில் எழுதியது. அந்த அமைப்பு தன் தணிக்கையில் கண்ட வேறு முறைகேடுகளைச் சுட்டித் தன் நிலையில் நின்றது. இலங்கையில் 1987-லிருந்து பெஃப்ரல் என்ற கண்காணிப்பு அமைப்பும், 1997-லிருந்து தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையமும் களத்தில் இருக்கின்றன. அவற்றின் அறிக்கைகளோடு வைத்துப் பார்க்க எண்களும் உண்டு: தேர்தல் ஆணைக்குழு தொகுதி வாரியாகவே முடிவுகளை வெளியிடுகிறது. 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களில் மூன்றை அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி பிடித்தபோது, தமிழ்நாட்டில் பலர் அதைத் தமிழ்த் தேசியத்தின் வீழ்ச்சி என்றார்கள். கொழும்பில் பலர் இன ஒற்றுமையின் தொடக்கம் என்றார்கள். தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட வாக்குகளைத் தொகுதி வாரியாகக் கூட்டிப் பார்க்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது. அந்த அட்டவணை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கிறது.

சில தேர்தல்களில் அந்த அட்டவணையையே நம்ப முடியாது. 1982 டிசம்பர் 22-ல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டிக்கக் கேட்டு நடத்திய சர்வசன வாக்கெடுப்பு அத்தகையது. அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகை அச்சகம் முத்திரையிடப்பட்டிருந்தது. 54.66 சதவீதம் ஆதரவு என்ற முடிவு உலகெங்கும் செய்தியானது. ஆள்மாறாட்டமும் மிரட்டலும் நடந்ததைப் பதிவு செய்த தேர்தல் ஆணையாளரின் அறிக்கை 1987-ல்தான் வெளிவந்தது. அப்போது அந்த நீட்டிக்கப்பட்ட நாடாளுமன்றம் இன்னும் கூடிக்கொண்டிருந்தது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரி 15-ல் நடந்தது.